அக்கசாலைக் குறியும் அதன் வேறுபாடுகளும்

ஒரு நாணயம் எந்த அக்கசாலையில் அடிக்கப்பட்டது என்பதைக் காட்டுதற்பொருட்டு அதன் மேற் பொறிக்கப்படும் சிற்றெழுத்தை அக்கசாலைக் குறி என்பர். ஒல்லாந்தர் இலங்கையில் அடித்த செப்புத் துட்டுக்களிற் கம்பனியின் இலச்சினைக்கு மேலே கொழும்பு, காலி, திருகோணமலை முதலிய இடங்களின் முதலெழுத்து நிற்றலைக் கண்டவர் நம்மிடையே இருப்பர். இக்குறி இடத்தை மட்டுமே கூறும் என்பது பொதுவான எண்ணம். நாணயத்தை ஆக்கிய கருவியின் வரலாற்றையும் அது கூறவல்லது என்பதற்கு ஐக்கிய அமெரிக்காவின் 1979ஆம், 1981ஆம் ஆண்டுப் புறூவ் நாணயங்கள் தக்க சான்றாம்.

புறூவ் நாணயம் என்பது புழக்கத்துக்கன்றிச் சேகரிப்போர்க்கென ஆக்கப்படுவது. மெருகிட்ட தகட்டை மெருகிட்ட அச்சுக்களிடை வைத்து இருமுறையேனும் அழுத்துவர். ஆதலின் அதன் வெளி கண்ணாடிபோல் ஒளிரும்; உருவங்களின் விளிம்பு கூர்மையாய் நிற்கும். ஆராய்வோர்க்கு இதனால் விளையும் நன்மை பெரிது. கைமாறித் தேய்ந்த காசில் ஓர் எழுத்து மழுங்கியிருப்பின், அது புழக்கத்தால் வந்ததோ, அழுத்தம் போதாமையால் வந்ததோ, கருவியின் குறையோ என்று துணிதல் அரிது. புறூவ் நாணயத்தில் முதலிரு காரணங்களும் பெரும்பாலும் விலகிவிட, எஞ்சி நிற்பது கருவியே.

அமெரிக்க அக்கசாலைகளுள் பிலதெல்பியா நெடுங்காலம் பெரும்பாலும் குறியிடாதே நாணயம் வெளியிட்டது. 1854இல் தொடங்கிய சான் பிரான்சிஸ்கோவின் குறி 'எஸ்'. 'டி' என்னும் எழுத்தோ 1861 வரை ஜோர்ஜியாவிலுள்ள தலோனிகாவையும், 1906 முதல் டென்வரையும் குறிக்கும். ஆண்டை நோக்காது எழுத்தை மட்டும் நோக்குவோர் இங்கேயே இடறுவர். 1965 முதல் 1967 வரை குறிகள் முற்றாய் நீக்கப்பட்டன. 1968இல் அவை மீண்டபோது, புறூவ் நாணயங்களை அடிக்கும் பணி சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தது. அவை 'எஸ்' குறியைப் பெற்றன.

அக்காலத்தில் அச்சுக்கள் பிலதெல்பியாவிலேயே ஆக்கப்பட்டன. ஒவ்வோர் அச்சிலும் குறியைத் தனித்தனியே கையால் இறக்க வேண்டும். முனையில் எழுத்து வெட்டிய சிறு எஃகுக் கோலை அச்சின்மேல் நிறுத்திச் சுத்தியலால் அடிப்பர். இதனை முத்திரைக்கோல் என்போம். கை செய்யும் தொழிலாதலின் எழுத்து ஓர் அச்சிற் சற்று இடப்புறமும், மற்றோர் அச்சிற் சற்றுச் சாய்ந்தும் அமையும். இவ்விட வேறுபாட்டை வகை வேறுபாடாகக் கொள்ளல் தகாது. நம் குகைக் கல்வெட்டுக்களை ஆராய்வோர், எழுத்தின் வடிவு மாறியதா, வெட்டிய கை மாறியதா என்று முதலில் வினவுவர். இங்கும் வினா அதுவே.

சிலபோது குறியிடவே மறந்தனர். 1968, 1970, 1975, 1983ஆம் ஆண்டுகளின் பத்துச் சத நாணயங்களிலும் 1971இன் ஐந்து சத நாணயத்திலும் 'எஸ்' இல்லாத புறூவ் நாணயங்கள் உள. 1983 நீங்கிய ஏனை ஆண்டுகளிற் பிலதெல்பியாவின் சாதாரண நாணயத்திலும் குறி இன்மையால், அவ்வாண்டுகளின் நாணயங்களைப் பிரித்தறிதற்குப் புறூவ் நாணயத்துக்குரிய மெருகன்றி வேறு துணையில்லை.

இனி 1979க்கு வருவோம். அவ்வாண்டுத் தொகுதி ஒரு சதம் முதல் டொலர் வரை ஆறு நாணயங்கள் கொண்டது, சூசன் பி. அந்தனி உருவம் பொறித்த டொலர் அப்போதே புதிதாய் வந்தது. ஆண்டின் பெரும்பகுதியிற் பயன்பட்ட முத்திரைக்கோல் சிதைந்து போனமையால், எழுத்தின் இரு வாய்களும் அடைபட்டு, உருப்பெருக்குக் கண்ணாடியில் ஒரு குமிழ்போலத் தோன்றும். இது முதலாம் வகை. ஆண்டின் பிற்பகுதியிற் புதுக்கோல் வந்தது. அதன் எழுத்தில் வாய்கள் திறந்து, முனைகள் தெளிவாய் நிற்கும். இது இரண்டாம் வகை. அளவிற் குறைந்தது, விலையிற் கூடியது. ஆறு நாணயங்களிலும் இவ்விரு வகையும் உண்டு. அவ்வாண்டின் தொகுதிகள் 36,77,175 என்று அரசின் கணக்குக் கூறும். அக்கணக்கு வகை பிரித்ததன்று.

1979ஐப் பிரித்தல் எளிது. இடர் தருவது 1981. அவ்வாண்டிலும் முதலாம் வகை, இரண்டாம் வகை என்றே பெயரிட்டனர். பலர் மயங்குதற்கு இப்பெயரே காரணம். 1979இன் இரண்டாம் வகையைத் தந்த அதே கோல் 1980 முழுதும் உழைத்து, 1981இலும் தொடர்ந்து தேய்ந்தது. அத்தேய்ந்த கோலின் எழுத்தே 1981இன் முதலாம் வகை! ஆண்டிறுதியை அண்டி மற்றொரு கோல் வந்தபின் தோன்றியதே 1981இன் இரண்டாம் வகை. ஆகவே ஒரே கருவியின் இளமைக்கு 'இரண்டு' என்றும், முதுமைக்கு 'ஒன்று' என்றும் பெயர் வாய்த்தது. பெயரை நம்பி, இரு ஆண்டுகளின் முதலாம் வகைகளும் ஒத்திருக்குமென எதிர்பார்ப்பவர் ஏமாறுவர்.

இதனினும் நுண்ணிய மயக்கம் ஒன்றுண்டு. தேய்வு ஒருநாளில் நிகழ்வதன்று. 1981இன் தொடக்கத்திற் குறியிட்ட அச்சின் எழுத்து, பிற்பகுதியிற் குறியிட்டதைவிடத் தெளிவாயிருத்தல் கூடும். அத்தகைய நாணயத்தை வாங்குவோன், 'தெளிந்த எழுத்து' என்று மட்டும் கற்றவனாயின், அதனை அரிய வகையென்று கொண்டு மிகைவிலை கொடுப்பான். தெளிவு என்பது அளவு, வகையோ வடிவு. புதுக்கோலின் எழுத்தில் முனைகள் தடித்துத் திரண்டு, நடுவளைவிலிருந்து விலகி நிற்பதையே தேட வேண்டும். இதற்கு எளிய வழி, 1980ஆம் ஆண்டு நாணயமொன்றை அருகில் வைத்து ஒப்பிடுதல். அதில் அக்கோலின் நடுவயது தெரியும்; 1981இன் நாணயம் அதன் தேய்ந்த உருவாயின் முதலாம் வகை, வேறு உருவாயின் இரண்டாம் வகை. ஒரே மதிப்புள்ள நாணயங்களை ஒப்பிடுதல் நன்று. ஒரு சதத்தின் எழுத்தை டொலரின் எழுத்தோடு ஒப்பிடுவதாற் குழப்பமே மிகும்.

1985 முதல் புறூவ் நாணயங்களின் குறி மூல அச்சிலேயே சேர்க்கப்பட்டது. அதிலிருந்து பிறக்கும் அச்சுக்கள் யாவும் ஒரே எழுத்தை ஒரே இடத்திற் பெற்றன. சுத்தியலும் கோலும் ஓய்ந்தன. எனினும் 1990இற் குறியற்ற அச்சொன்று புறூவ் அச்சாகப் பயன்பட, அவ்வாண்டுத் தொகுதிகள் சிலவற்றில் 'எஸ்' இல்லாத ஒரு சதம் வெளிவந்தது.