புள்ளியின் வரலாறு

ஈய எழுத்தின் உடலளவைப் புள்ளி என்னும் அலகால் குறிப்பது அச்சு மரபு. ஆயினும் புள்ளி எங்கும் ஒன்றன்று. பாரிஸ் நகரில் ஃபூர்னியே 1737ஆம் ஆண்டில் ஒரு புள்ளிமுறையை வகுத்தார். அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் டிடோ அதனைப் பிரெஞ்சு அரச அங்குலத்தின் 72இல் ஒரு பங்கெனத் திருத்தினார், அது 0.376 மில்லிமீட்டர். அமெரிக்க எழுத்து வார்ப்போர் 1886இல் ஏற்ற புள்ளியோ 0.351 மில்லிமீட்டரே. ஆகவே டிடோவின் 14 புள்ளி அமெரிக்கரின் 15 புள்ளிக்கு ஏறக்குறைய ஈடாகும்.

இன்றைய கணினிப் புள்ளி 0.353 மில்லிமீட்டர். டிடோ அளவில் 10 புள்ளியில் அச்சான பழைய நூலை மறுபதிப்பிடுவோர் எண்ணை மட்டும் நோக்கிக் கணினியிலும் 10 என்றே அமைப்பாராயின், எழுத்து நூற்றுக்கு ஆறு பங்கு சிறுத்துவிடும். வரிகள் இடம் மாறும். முதியோர் கண்கள் வருந்தும். எண்ணோடு, அஃது எவருடைய அலகு என்பதையும் நாம் கேட்டறிதல் வேண்டும்.