பெரிதாக்கிய படமும் பெயரற்ற முகமும்: தங்கவயல் ஆய்வாளரின் குறிப்பு

கோலார் தங்கவயலின் தொழிலாளர் வரலாற்றை எழுத முனைவோர் ஒரு கட்டத்தில் பழைய குழுப் புகைப்படம் ஒன்றின் முன் அமர நேர்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்குக் கால்பதித்த பின் சுரங்கத்திற்குள் இறங்கியவர்களில் பெரும்பான்மையோர் வடஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த ஒடுக்கப்பட்ட சமூகத்துத் தமிழர். ஆனால் படங்களில் நாற்காலி ஐரோப்பிய அதிகாரிகளுக்கு, பின்வரிசை தொழிலாளர்களுக்கு. அவர்களது முகம் மிளகளவே இருக்கும். அதைக் காண நமக்கு உருப்பெருக்கம் வேண்டும். எனவே பட மென்பொருளின் பெரிதாக்கும் வசதி வளர்ந்த கதை, வரலாற்று மாணவரும் அறிய வேண்டிய கதையாகிறது.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அதன் முகப்புத் திரையில் நெடுங்காலம் இடம்பெற்ற சீதாராமன் நாராயணன் என்னும் பெயரைக் கண்டு வியந்த தமிழ் மாணவர் பலர். 1996இல் வந்த நான்காம் பதிப்பு நேவிகேட்டர் என்னும் சிறு பலகத்தைச் சேர்த்தது. முழுப்படமும் அதில் சிறிதாகத் தெரியும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதியைச் சிவப்புக் கட்டம் சுட்டும். ஒரு முகத்தில் ஆழ்ந்திருக்கும்போதும் அம்முகம் எந்த வரிசையில், யாருக்குப் பின்னால் நிற்கிறது என்பதை அப்பலகம் மறக்கவிடாது. நுண்வரலாறு எழுதுவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

2007இல் வந்த சிஎஸ்3 பதிப்பில் உச்சப் பெருக்கம் 3200 விழுக்காடாயிற்று. அக்காலம்வரை 66.7 போன்ற இடைப்பட்ட அளவுகளில் படத்தின் விளிம்புகள் பிசிறடித்துத் தோன்றும். அப்பிசிறு திரையில் மட்டுமே இருந்தது, படத்தில் இல்லை. 100 விழுக்காட்டில் சரிபார்க்காதவர் அதைத் தழும்பென்றோ கிழிசலென்றோ குறித்துக்கொள்ள இடமிருந்தது. 2008இல் வந்த சிஎஸ்4, வரைகலைச் செயலியின் துணையால் எல்லா அளவுகளிலும் காட்சியைச் சீராக்கியது. 500 விழுக்காட்டைக் கடந்ததும் படப்புள்ளிகளுக்கிடையே கட்டக்கோடுகளையும் வரைந்தது. அக்கோடுகளை நான் ஒரு நேர்மையான அறிவிப்பாகவே கொள்கிறேன்: இதற்குமேல் படத்தில் சான்று இல்லை, எஞ்சியிருப்பவை வண்ணச் சதுரங்களே.

அண்மைக் காலக் கருவிகள் அந்த எல்லையை மறைக்கின்றன. 2021இல் அடோபியின் கேமரா ராவில் சேர்ந்த சூப்பர் ரெசல்யூஷன், நீள அகலங்களை இருமடங்காக்கிப் படப்புள்ளிகளை நான்கு மடங்காக்குகிறது. புதிதாகச் சேர்பவை பிற படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட கணிப்பின் விளைவு. வேறு சில செயலிகள் இன்னும் துணிச்சலானவை. தொழிலாளர் குடும்பம் ஒன்று பாதுகாத்துவந்த படத்தை அத்தகைய ஒன்றில் இட்டுப் பார்த்தேன். ஓரத்தில் நின்றவருக்குத் தெளிந்த கண்களும் வரிசைப் பற்களும் கிடைத்தன. மூலத்தில் அம்முகம் பத்துப் படப்புள்ளி அகலம்கூட இல்லை. அக்குடும்பத்து மூதாட்டி அதைப் பார்த்துவிட்டு, “இது எங்க தாத்தா இல்ல, வேற யாரோ” என்றார்.

இதன் கனத்தை உணர 1930ஐ நினைவுகூர வேண்டும். தொழிலாளரின் கைரேகையைப் பதிந்து அடையாளம் காணும் திட்டத்தைச் சுரங்க நிர்வாகம் அவ்வாண்டு புகுத்த முனைந்தபோது, தங்கவயல் தொழிலாளர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தனர். தம் உடலின் நுண்கோடுகளைத் தம் ஒப்புதலின்றிப் பிறர் பதிந்துவைக்கலாகாது என அன்றே மறுத்தவர்கள் அவர்கள். அவர்கள் வழிவந்தோரின் முகங்களை நாம் கேட்பாரின்றிப் புனைவது எவ்வகையில் தகும்?

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் குடும்பங்கள் இடம்பெயர, படங்களும் சிதறுகின்றன. அவற்றைத் திரட்டும் மாணவர்களுக்கு மூன்று வேண்டுகோள்: மூல மின்வருடலை மாற்றமின்றிக் காத்திடுக, வெட்டியெடுத்த முகத்துடன் முழுப்படத்தையும் வெளியிடுக, கணிப்பால் தெளிவாக்கிய படமெனில் அதை வெளிப்படையாகக் குறித்திடுக. மங்கலான முகமும் ஒரு சான்றே. அவரை அவ்வளவு தொலைவில் நிறுத்தியது யார் என்பதை அம்மங்கல்தான் சொல்கிறது.