வீட்டிலிருந்தே குணமான காசநோய்

1950-களில் காசநோய் என்றாலே நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. ஆனால் படுக்கைகள் போதவில்லை. 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி அவரவர் நெரிசலான வீட்டில். இருவருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள். குணமானவர்கள் அளவில் பெரிய வித்தியாசமில்லை. குடும்பத்தாரை 5 ஆண்டுகள் கவனித்தபோதும், நோயாளி வீட்டில் இருந்ததால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. சிகிச்சைக்கு முந்தைய நாட்களே ஆபத்தானவை என்று தெரிந்தது.

நம் குடியிருப்பிலும் கீமோ எடுப்பவர்கள், சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள் இருக்கலாம். எதிர்ப்புச் சக்தி குறைந்த அவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வீட்டில் யாருக்காவது இரண்டு வாரம் இருமல் நீடித்தால் உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய் உறுதியானால், சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் நோயாளிக்குத் தனி அறை, முகக்கவசம், திறந்த ஜன்னல் அவசியம். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் தடுப்பு மருந்து பற்றித் தம் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அக்கம்பக்கத்தார் வீட்டைக் காலி செய்யச் சொன்னால் நோயை மறைக்கத்தான் தோன்றும். மறைத்தால் சிகிச்சை தாமதமாகும். அந்தத் தாமதத்தில்தான் நோய் பரவும்.