துருவன் தெரியும் மலையும் தெரியாத மாடியும்

80 மி.மீ. வில்லைத் தொலைநோக்கி, ஜெர்மன் வகை ஈக்வடோரியல் மவுண்ட், ஒரு கேமரா. இவற்றைச் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பலமாடிக் கார் நிறுத்தத்தின் மேல்தளத்தில் நிறுத்துவதும், ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் ஒரு வெட்டவெளியில் நிறுத்துவதும் ஒரே வேலை அல்ல. இரண்டு ஊர்களையும் பேசுகிறவர்கள் வானத்தின் இருட்டைத்தான் ஒப்பிடுகிறார்கள். படம் தேறுமா என்பது அதற்கும் முன்னால், மவுண்டின் அச்சிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்பது என் எண்ணம்.

பூமி சுழல்வதால் வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 400 மி.மீ. குவியத் தூரமும் 3.76 மைக்ரான் பிக்சலும் சேர்ந்தால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 2 விகலை. மவுண்ட் ஓடாவிட்டால் ஒரே நொடியில் ஏழெட்டுப் பிக்சல் நீளத்துக்குக் கோடு விழும். மவுண்ட் ஓடினாலும் அதன் அச்சு வான துருவத்திலிருந்து 1 பாகை விலகியிருந்தால், நிமிடத்துக்கு 15 விகலை வரை நழுவும்.

காவலூரின் அட்சரேகை சுமார் 12.6 பாகை. துருவ நட்சத்திரம் அந்த உயரத்தில்தான் நிற்கும். வடக்கே மரமோ மேடோ மறைக்காத இடமாகப் பார்த்து, முக்காலியின் ஒரு காலை வடக்கே வைத்து, துருவக்குழல் வழியாக அதைப் பிடித்துவிட்டால் வேலை முடிந்தது. பெட்டியோடு வரும் கையேடு அங்கே அப்படியே செல்லுபடியாகும். ஆனால் மயிரிழையில்தான். பல மவுண்ட்களின் உயர அளவுகோல் 10 அல்லது 15 பாகைக்குக் கீழே இறங்காது.

உட்லண்ட்ஸின் அட்சரேகை 1.4 பாகை. துருவ நட்சத்திரம் துருவத்திலிருந்து முக்கால் பாகைக்குச் சற்றுக் குறைவாகவே விலகியிருப்பதால், அடிவானத்துக்கு மேல் ஓரிரு பாகையிலேயே சுற்றிவருகிறது. அந்த உயரத்தில் நீரிணைக்கு அப்பால் இருப்பது ஜோகூர் பாருவின் விளக்குகளும் கட்டடங்களும். கடற்பாலத்தின் அக்கரையைப் பார்த்துத் துருவனைத் தேடுவது வீண். தேடல் ஒருபுறம் இருக்க, மவுண்டையே அவ்வளவு தாழ்த்த முடியாது. 10 பாகையில் நின்றுவிடும் அச்சை 1 பாகைக்குக் கொண்டுவர முக்காலியையே சாய்க்க வேண்டும். தெற்குக் காலுக்கும் வடக்குக் கால்கள் இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கும் இடையே 70 செ.மீ. இருந்தால், தெற்குக் காலை 11 செ.மீ. உயர்த்துவது போதும்.

இங்கே வடக்கில் இரண்டு கால்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அச்சு கிட்டத்தட்டப் படுத்துவிடுவதால், எதிர் எடைத் தண்டு முக்காலியின் வடப்பக்கத்தை ஒட்டிச் செங்குத்தாகத் தொங்குகிறது. கையேடு சொல்வதுபோல் வடக்கே ஒரு காலை வைத்தால், தண்டு சுழலும்போது எடை அந்தக் காலில் இடித்து மோட்டார் திணறும். முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவே எடை ஊசலாட வழிவிட வேண்டும். மவுண்டுக்கும் முக்காலிக்கும் இடையே ஒரு குட்டைத் தூணைச் செருகினால் இன்னும் நல்லது. எடை வடக்கே துருத்தி நிற்பதால் கவிழும் ஆபத்து கூடுகிறது. ஆகவே கால்களை அகல விரித்து, எடையைத் தண்டில் முடிந்தவரை மேலே ஏற்ற வேண்டும்.

அச்சைத் திசைப்படுத்துவது அடுத்த சிக்கல். சிங்கப்பூரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஏறக்குறைய ஒன்றே என்றாலும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி திசைகாட்டியை இழுக்கும். கைகொடுப்பது நழுவலைப் பார்த்துத் திருத்தும் பழைய முறை: உச்சிக்கு அருகே ஒரு விண்மீனைப் பார்த்துக் கிழக்கு மேற்குப் பிழையையும், கிழக்கிலோ மேற்கிலோ தாழ நிற்கும் இன்னொன்றைப் பார்த்து உயரப் பிழையையும் சரிசெய்வது. இப்போது மென்பொருளே மவுண்டைச் சுழற்றி மூன்று படம் எடுத்துப் பிழையைச் சொல்லிவிடுகிறது. அதற்குத் துருவன் தெரிய வேண்டியதில்லை. உட்லண்ட்ஸ் கேலக்ஸி சமூக மன்றத்தில் இருப்பதுபோல் நிலையான வானாய்வுக் கூடம் என்றால் இந்தப் பாடு ஒருமுறையோடு போகும். மின்தூக்கியில் முக்காலியை ஏற்றி இறக்குகிறவருக்கு ஒவ்வோர் இரவும் உண்டு.

மாடிக்குச் சாதகமானதும் இருக்கிறது. மலையில் பின்னிரவில் குளிர் இறங்க இறங்கக் குழல் சுருங்கி ஃபோகஸ் மாறும். உட்லண்ட்ஸில் இரவு முழுக்க வெப்பம் அதிகம் மாறாது. மலைமண்ணில் கால் அமிழாமல் இருக்கப் பலகையோ கல்லோ வேண்டும். கான்கிரீட்டில் வேண்டாம், ஆனால் கார் ஏறும்போது தளம் அதிரும். ஈரம் இரண்டு இடத்திலும் எதிரி. வில்லைக்குச் சூடேற்றும் பட்டை எங்கும் கட்டாயம். உட்லண்ட்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க உலர்பெட்டியும் தேவை.

ஒளி விஷயத்தில் மலைக்கே வெற்றி. 2016இல் வெளியான உலக இரவொளி வரைபடம் ஒளிமாசு மிகுந்த நாடாகச் சிங்கப்பூரைக் காட்டியது. இங்கே பால்வீதியைத் தேடாமல், ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டரையும் ஆக்சிஜனின் 500.7ஐயும் மட்டும் விடும் வடிகட்டியோடு நெபுலாக்களைத் தேடுவதே சரி.

ஆனால் தெற்கு உட்லண்ட்ஸுக்குச் சொந்தம். தென்வானம் எட்டும் என்பதற்காகவும் வானியலாளர் வைணு பாப்பு வானாய்வகத்துக்குத் தேர்ந்த காவலூரில், பெரிய மெகல்லன் மேகம் எட்டுப் பாகைக்கு மேல் ஏறாது. உட்லண்ட்ஸில் கிட்டத்தட்ட 19 பாகை ஏறுகிறது. அதன் டரான்டுலா நெபுலா ஆக்சிஜன் ஒளியில் பளிச்சென்று இருப்பதால், தெற்கே நகர வெளிச்சம் கிடந்தாலும் வடிகட்டி அதை மீட்டுத் தரும். மழை குறையும் பிப்ரவரி நடுவில், இரவு எட்டரை ஒன்பதுக்கு அது உச்சத்தில் இருக்கும். அதே வேளையில் ஓரியன் இடுப்புப்பட்டையின் மின்டாகா ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே, வான நடுக்கோட்டை ஒட்டி நிற்கும். முதலில் மின்டாகாவைப் பார்த்து அச்சின் திசையைச் சரிசெய்துகொண்டு, பிறகு குழலைத் தெற்கே திருப்பலாம்.