செயின்ட் பான்கிராஸ் ஹோட்டலின் மறுபிறவி

மும்பையில் வாழும் நம்மவர்க்கு ஓவல் மைதானத்தின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதற்கும் அதனை அடுத்துள்ள பல்கலைக்கழக மண்டபத்துக்கும் படம் வகுத்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் என்னும் ஆங்கிலக் கட்டடக் கலைஞர். அவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். லண்டனில் இருந்தபடியே படங்களை எழுதி அனுப்பினார். ஏறத்தாழ அதே காலத்தில் அவருடைய மேசையில் வேறொரு பெருங்கட்டடமும் உருவாகிக் கொண்டிருந்தது. அது ஒரு ரயில்வே ஹோட்டல். அதன் கதையையே இங்கு நாம் சொல்ல எடுத்துக்கொண்டோம்.

டெர்பி நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மிட்லண்டு ரயில்வே கம்பெனிக்கு லண்டனுக்குள் நுழையச் சொந்தப் பாதை நெடுநாள் இல்லை. போட்டிக் கம்பெனியின் தண்டவாளத்தில் கட்டணம் செலுத்தி, கிங்ஸ் கிராஸ் நிலையத்துக்கு அதன் வண்டிகள் வந்து போயின. பிறர் வீட்டுத் திண்ணையில் எத்தனை நாள் படுத்திருப்பது? 1868-இல் கிங்ஸ் கிராஸுக்கு அடுத்த வாயிலிலேயே செயின்ட் பான்கிராஸ் என்னும் தன் நிலையத்தைத் திறந்தது அக்கம்பெனி. அந்தப் பாதைக்காகப் பழைய இடுகாடு ஒன்று தோண்டப்பட்டது. எலும்புகளை முறைப்படி அகற்றுவதை மேற்பார்க்க அனுப்பப்பட்ட இளைஞரே பின்னாளில் பெரும் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டி. இறந்தவர்க்குக் கிடைத்த அந்த மரியாதையும் உயிரோடிருந்தவர்க்குக் கிட்டவில்லை. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த ஏகார் டவுன் என்னும் குடியிருப்பு அடியோடு மறைந்தது. வார வாடகைக்கு இருந்தோர் நஷ்ட ஈடு ஏதுமின்றி வெளியேறினர்.

நிலையத்தின் கூரையை அமைத்தவர் வில்லியம் பார்லோ என்னும் பொறியியல் வல்லுநர். ஏறத்தாழ 240 அடி அகலத்தை நடுவில் ஒரு தூணுமின்றி ஒரே வளைவால் மூடினார். அன்றைய உலகில் அதற்கு நிகரான அகலமுடைய கூரை வேறில்லை. ரயில் பாதை ஒரு கால்வாயைத் தாண்டி வந்தமையால் நடைமேடைகள் தெருவுக்கு மேலே உயர்ந்து நின்றன. கீழே உண்டான இடம் பர்ட்டன் நகரத்து பீர் பீப்பாய்களுக்குக் கிடங்காயிற்று. அங்குள்ள இரும்புத் தூண்களின் இடைவெளிகூடப் பீப்பாயை அளவாகக் கொண்டே வகுக்கப்பட்டது. வியாபாரக் கணக்கு அத்துணை நுட்பமாக இருந்தது.

முகப்பில் மட்டும் கணக்குத் தளர்ந்துவிட்டது. ஹோட்டலுக்காக 1865-இல் நடந்த போட்டியில் பதினொருவர் கலந்துகொண்டனர். கேட்ட அளவினும் பெரியதாகவும், வந்தவற்றுள் அதிகச் செலவுடையதாகவும் இருந்த ஸ்காட்டின் படமே தேர்வாயிற்று. நாட்டிங்ஹாம் செங்கல்லால் எழுந்த அந்த மாளிகை, கூர்மாடங்களும் கோபுரங்களும் கூரிய வளைவுகளுமாக, மத்தியகால மாதாகோயிலோ நகர மண்டபமோ என ஐயுறுமாறு நின்றது. அது தன் பயனுக்கு மிஞ்சிய சிறப்புடையதோ என்று ஸ்காட்டே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்தார்.

மும்பையின் விக்டோரியா டெர்மினஸ் 1878-இல் எழத் தொடங்கியது. அதனை வகுத்த ஃபிரெடரிக் வில்லியம் ஸ்டீவன்ஸின் வேலையில் இந்த லண்டன் முகப்பின் சாயலைப் பலர் கண்டிருக்கின்றனர். ஆயினும் அது அலுவலகமாகவே கட்டப்பட்டது. இன்றும் மத்திய ரயில்வேயின் தலைமையிடமாக இயங்குகிறது. ஒரே வேலையில் நீடித்த கட்டடத்தின் அதிர்ஷ்டம் லண்டன் ஹோட்டலுக்கு வாய்க்கவில்லை.

1873 மே 5-ஆம் நாள் மிட்லண்டு கிராண்ட் ஹோட்டல் என்ற பெயரில் அது கதவு திறந்தது. கட்டுமானம் முற்றும் முடிய 1876 ஆயிற்று. ஏறத்தாழ 300 அறைகள். நீர்விசையால் இயங்கிய லிஃப்டு அன்று பெரும் புதுமை. இரு கிளையாகப் பிரிந்து ஏறும் மாடிப்படியும், அதற்கு மேல் விண்மீன் பொறித்த விதானமும் அரண்மனையை நினைவூட்டின. ஆனால் இத்தனை அறைகளுக்கும் குளியலறைகள் கைவிரலால் எண்ணத்தக்கவையே! விருந்தினர் குளிக்க விரும்பினால் தொட்டியையும் வெந்நீரையும் பணியாட்கள் அறைக்கே சுமந்து வரவேண்டும். கணப்புக்கு நிலக்கரி, காலையில் சாம்பல், கழிகலம் அனைத்தும் அவர்கள் கையாலேயே ஏறி இறங்கின. மாளிகையின் சொகுசு என்று புகழப்பட்டதில் பெரும்பகுதி மனிதர் முதுகில் நடந்ததென்பதை நாம் மறப்பதற்கில்லை.

1889-இல் திறந்த சவாய் ஹோட்டல் மின்விளக்கும் ஏராளமான குளியலறைகளும் காட்டிப் புதுவழி வகுத்தது. மிட்லண்டு கிராண்ட் அதனைப் பின்பற்ற இயலவில்லை. தீக்கு அஞ்சி இரும்பாலும் கான்கிரீட்டாலும் தடிப்பாக அமைத்த தளங்களைத் துளைத்துக் குழாய் பதிப்பது எளிதன்று. ஆட்கூலியோ ஏறியது. 1935-இல் ஹோட்டல் மூடப்பட்டது. பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் விருந்தறைகளில் ரயில்வே குமாஸ்தாக்கள் அமர்ந்து கோப்புகளைப் பார்த்தனர்.

1960-களில் விக்டோரியா காலத்துக் கட்டடமெனில் ஏளனமே மிகுந்திருந்தது. அருகிலுள்ள யூஸ்டன் நிலையத்தின் பெருவாயில், எதிர்ப்பையெல்லாம் மீறி, 1961-62-இல் இடிக்கப்பட்டது. அடுத்து செயின்ட் பான்கிராஸ் என்ற பேச்சு எழுந்தது. பின்னாளில் அரசவைக் கவிஞரான ஜான் பெட்ஜெமனும், கலை வரலாற்றறிஞர் நிகோலஸ் பெவ்ஸ்னரும், அவர்கள் சார்ந்திருந்த விக்டோரியன் சங்கமும் விடாது வாதாடினர். 1967 நவம்பரில் முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் அரசு அதனைச் சேர்த்தது. இடிப்பு நின்றது; வாழ்வு திரும்பவில்லை. 1980-களில் தீத்தடுப்பு விதிகளுக்கு ஒவ்வாதெனக் குமாஸ்தாக்களும் வெளியேற, மாளிகை வெறுமையாயிற்று. பட்டியல் கட்டடத்தைக் காக்குமேயன்றி அதற்கு உணவிடாது என்பது அப்போது புலனாயிற்று.

உணவிட்டது மீண்டும் ரயிலே. கடலடிச் சுரங்கவழி பாரிஸ் செல்லும் வண்டிகள் 2007 நவம்பரில் இந்நிலையத்துக்கு மாறின. பீர்க் கிடங்கு பிரயாணிகள் கூடமாயிற்று. பார்லோவின் கூரையை அண்ணாந்து நோக்கும் பெட்ஜெமனின் சிலை மேலே நிறுவப்பட்டது. ஹோட்டல் பழுது நீங்கி, முதல் திறப்புக்குச் சரியாக 138 ஆண்டுகள் கழித்து, 2011 மே 5-ஆம் நாள் செயின்ட் பான்கிராஸ் ரினைசன்ஸ் என்ற புதுப்பெயரில் முறைப்படி திறக்கப்பட்டது.

இன்று அங்கே தங்கச் செல்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ளல் நலம். 2011-இல் திறந்த 245 அறைகளுள் 38 மட்டுமே ஸ்காட்டின் பழைய மாளிகையைச் சேர்ந்தவை. ஏனையவை பின்புறம் புதிதாய்க் கட்டிய பகுதியில் உள்ளன. அதனால் ஏமாற்றம் என்று நாம் கூறமாட்டோம். புதுப்பகுதியின் வருவாயின்றிப் பழைய மாடிப்படிக்கு வண்ணம் பூசவும் வழியிருந்திராது. பயணச்சீட்டு விற்ற கூடம் மதுவருந்தும் கூடமாயிற்று. மேல்தளங்கள் மட்டும் ஹோட்டலுக்குத் திரும்பவில்லை. வெந்நீர் சுமந்த பணியாட்கள் இரவில் தலைசாய்த்த அந்த மேல்மாடங்கள், 67 தனி வீடுகளாகப் பிரிக்கப்பட்டுச் செல்வர்களுக்கு விற்கப்பட்டன.