குடுவையும் மின்முனையும்

உலர்ந்த ஆப்ரிகாட் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், அதில் கந்தகப் புகை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம். புகை படாத பழம் பழுப்பேறிவிடும். பழத்தில் சல்ஃபைட்டாகத் தங்கும் இந்தக் கந்தகம் ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு மூச்சுத் திணறலைத் தரும். அதனால்தான் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் லேபிளில் சொல்லியாக வேண்டும் என்கின்றன அமெரிக்க, ஐரோப்பிய விதிகள்.

அளப்பதற்குப் பழைய வழி, 1920களில் பிரிட்டனில் பிறந்த மோனியர்-வில்லியம்ஸ் முறை. பழத்தை அரைத்து, குடுவையில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு கொதிக்க வைப்பார்கள். கிளம்பும் கந்தக டை ஆக்சைடை நைட்ரஜன் தள்ளிக்கொண்டு போய் ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் சேர்க்கும். அங்கே அது கந்தக அமிலமாகும்; அந்த அமிலத்தை டைட்ரேட் செய்து கணக்கிடுவார்கள். கொதிப்புக்கு மட்டும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

இன்னொரு வழி நொதி உணரி. இதில் அடுப்பே கிடையாது. பெரும்பாலும் கோழி ஈரலிலிருந்து எடுக்கும் சல்ஃபைட் ஆக்சிடேஸ் என்ற நொதியை மின்முனைமேல் படியவைத்திருப்பார்கள். சல்ஃபைட் சல்ஃபேட்டாக மாறும்போது அதே ஹைட்ரஜன் பெராக்சைடு இங்கே உண்டாகிறது. முதல் முறையில் பிடிப்பதற்கு உதவிய பொருள், இதில் மின்னோட்டமாகி அளவைச் சொல்கிறது. விடை சில நிமிடங்களில்.

வேகத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: இரண்டும் அளப்பது ஒரே பொருளை அல்ல. உதாரணமாக, ஒயினில் சல்ஃபைட்டின் ஒரு பகுதி அசிட்டால்டிஹைடு போன்றவற்றோடு பிணைந்து கிடக்கும். நொதியின் கைக்கு எட்டுவது பிணையாத பகுதி மட்டும். மொத்தமும் வேண்டுமென்றால் முதலில் காரம் சேர்த்துப் பிணைப்பை அவிழ்க்க வேண்டும். குடுவைக் கொதிப்போ பிணைந்ததையும் பெரும்பாலும் கறந்துவிடும். சட்டம் கேட்பது மொத்தக் கணக்கு. ஒயின் தயாரிப்பவருக்கு அன்றாடம் வேண்டியது பிணையாத பகுதி, கிருமியைத் தடுப்பது அதுதானே.

இரண்டும் ஏமாறும். பூண்டையும் வெங்காயத்தையும் கொதிக்க வைத்தால் அவற்றின் இயல்பான கந்தகமே சல்ஃபைட் போலக் கணக்கில் ஏறிவிடும். சூடு காட்டாத உணரிக்கு இந்த வம்பு குறைவு. ஆனால் பெராக்சைடை அளக்கப் பிளாட்டினம் மின்முனைக்குக் கொடுக்கும் சுமார் 0.6 வோல்ட்டில் வைட்டமின் சியும் ஒயினின் பாலிஃபீனால்களும் சேர்ந்தே மின்னோட்டம் தரும். பிரஷ்யன் நீலம் பூசி வோல்ட்டைக் குறைத்தால் இது பெருமளவு அடங்கும். நொதி நாளடைவில் சோர்ந்துபோவதற்குத்தான் இன்னும் நல்ல மருந்து இல்லை. வழக்குக்குப் போகும் மாதிரியை நான் இப்போதைக்குக் குடுவையிடமே கொடுப்பேன்.