ஏடும் கரையும்

கடற்கரைப் பகுதி ஒன்றை அறிய விழைவோர்க்குக் கண் மட்டும் போதாது, நூலும் வேண்டும். ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையிலுள்ள பத்து பாகாட் இதற்குத் தக்க சான்று. மலாய் மொழியில் ‘பத்து’ என்பது கல். ‘பாகாட்’ என்பது உளி.

‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று இலக்கியம் இங்கு நிகழ்ந்த ஒரு போரைக் கூறுகிறது. மலாக்காவின்மீது சயாமியக் கடற்படை வந்தது. துன் பேராக் இரவில் கரையோர மரங்களில் தீப்பந்தங்களைக் கட்டச் செய்தார். எண்ணற்ற கலங்கள் திரண்டுள்ளன என மயங்கிய பகைவர் திரும்பினர். வரலாற்றாசிரியர் இதனை 1456ஆம் ஆண்டினது என்பர். சயாமியர் பாறையைக் குடைந்து கிணறு தோண்டியதால் ஊர்ப்பெயர் தோன்றியது என்பது செவிவழி மரபு. அக்கிணறு எனக் கருதப்படுவது மின்யாக் பெக்குவில் உள்ளது.

ஏட்டில் படிக்குங்கால் தீப்பந்தச் செய்தி வெறுங்கதைபோல் தோன்றும். இக்கரையின் கண்டல் மரங்களோ, அலை வந்து செல்லும் சேற்றிலேயே வேரூன்றி நிற்பவை. ஏற்றத்தின்போது நீரில் நிற்கும் மரத்தில் எரியும் பந்தம், தொலைவில் கலவிளக்காகத் தோன்றக்கூடும். இதனால் அந்நிகழ்ச்சி மெய்ப்பிக்கப்பட்டதாகாது. எனினும் நிகழக்கூடியதே என்பது புலனாகும். நூலுக்குக் கரையே உரையாகிறது.

கண்டல் தமிழ் மாணவர்க்குப் புதிதன்று. நற்றிணையின் நெய்தற் பாடல்களில் வருவதே. பாட்டை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் மாணவர், அம்மரத்தைத் தம் ஊர்க் கழிமுகத்தில் அடையாளம் காணாதிருத்தல் நம் கல்விக்கு இழுக்காகும். மலாய் ஏட்டையும் தமிழ் ஏட்டையும் ஒருங்கே கற்பித்து, அவர்களைக் கரைக்கு அழைத்துச் செல்லுதல் ஆசிரியர் கடன்.